விடியும்வரை களரி

நுழையும்முன்

இறைவனைக் கூத்தன் என்று போற்றும் தில்லையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், கூத்து ஆடுவோரைக் கூத்தாடி என்று இகழும் வழக்கமும் உண்டு. பகலில் வயலிலும் கட்டட வேலையிலும் உழைத்து, இரவில் அரசராகவும் அரசியாகவும் பாடி ஆடும் அக்கலைஞர்கள் ஜமா என்னும் அமைப்பாகத் திரண்டு வாழ்கின்றனர். எழுதப்பட்ட விதிகள் இல்லாத அந்த இசை அமைப்பையும், அது நடத்தும் முழு இரவு நிகழ்ச்சியையும் இப்பாடம் விளக்குகிறது.

தில்லைக் கூத்தனும் ஊர்க் கூத்தரும்

சிதம்பரம் நடராசர் கோயிலின் கோபுர வாயில்களில் ஆடற்கலையின் நூற்றெட்டுக் கரணங்கள் கல்லில் வடிக்கப்பட்டுள்ளன. மகா சிவராத்திரியையொட்டி 1981ஆம் ஆண்டுமுதல் அந்நகரில் நடைபெற்றுவரும் நாட்டியாஞ்சலிக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆடற்கலைஞர்கள் வருகின்றனர். அவ்விழா முடிந்து பங்குனி பிறந்ததும், அதே வட்டாரத்தின் ஊர்ப்புறங்களில் இன்னொரு கலைப்பருவம் தொடங்குகிறது. புவனகிரி, காட்டுமன்னார்கோயில், பண்ருட்டி, விருத்தாசலம் பகுதிகளின் திரௌபதி அம்மன் கோயில்களில் கொடியேறும். அன்றுதொட்டு ஆடி முடியும்வரை தெருக்கூத்துக் கலைஞர்களுக்கு இரவில் உறக்கமில்லை. நாட்டியாஞ்சலியைப் பற்றி நாளிதழ்கள் எழுதுகின்றன. தெருக்கூத்தைப் பற்றிய செய்தியோ ஊர்ச் சுவரில் ஒட்டிய விழாச் சுவரொட்டியோடு நின்றுவிடுகிறது.

கூத்தரை இகழும் வழக்கம் பழந்தமிழில் இல்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், பரிசில் பெற்ற கூத்தன் மற்றொரு கூத்தனை வள்ளலிடம் வழிப்படுத்தும் பாட்டு. கூத்தராற்றுப்படை என்பது அதன் மறுபெயர். வள்ளுவர் செல்வத்தின் நிலையாமைக்கு உவமை தேடியபோது, கூத்தாட்டு அவையில் மக்கள் திரள்வதும் கலைவதும் அவர் நினைவுக்கு வந்தன. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளைச் சிலப்பதிகாரம் வகுத்துக் கூறுகிறது. இத்தகைய சிறப்புடைய சொல் எப்போது ஏளனச் சொல்லாயிற்று என்பது தனியே ஆராயத்தக்கது. ஆடுவோர் பெரும்பாலும் நிலமற்ற எளியோராக இருந்ததும், கலைக்குரிய கூலிக்காக அவர்கள் ஊர்ப் பெரியவர்கள்முன் நிற்க நேர்ந்ததும் அதற்குரிய காரணங்களில் அடங்கும்.

பாரதம் வேர்விட்ட மண்

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைப் பிரித்து 1993ஆம் ஆண்டு கடலூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. இப்பகுதியின் பெரும்பரப்பு முற்காலத்தில் திருமுனைப்பாடி நாடு எனப்பட்டது. பாரதத்தை நான்காயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தப்பாக்களாகப் பாடிய வில்லிபுத்தூரார் பிறந்ததும் அந்நாட்டில்தான். அவருடைய நூலை இப்பகுதி மக்களிற் பெரும்பாலோர் ஏட்டில் படித்ததில்லை, செவியால் கேட்டிருக்கிறார்கள். திரௌபதி அம்மன் விழாவில் பிற்பகலில் பாரதப் பிரசங்கியார் அமர்ந்து, வில்லி பாரதப் பாடலை இசையோடு பாடிப் பொருள் விரிப்பார். பகலில் அவர் சொன்ன கதைப்பகுதியை இரவில் கூத்துக் கலைஞர்கள் ஆடிக் காட்டுவர். பத்து நாள், பதினெட்டு நாள் என ஊரின் வசதிக்கேற்ப இது நீளும்.

கதையும் சடங்கும் பிரிக்க இயலாதவாறு கலந்திருப்பதே இவ்விழாவின் தனித்தன்மை. அருச்சுனன் தவசு நடைபெறும் நாளில் உயர்ந்த பனைமரம் ஒன்றைக் களத்தில் நட்டுப் படிக்கட்டைகள் பொருத்துவர். அருச்சுனன் வேடமிட்டவர் ஒவ்வொரு படியிலும் நின்று பாடிக்கொண்டே உச்சிக்கு ஏறுவார். மேலிருந்து எலுமிச்சம்பழமும் வில்வ இலையும் திருநீறும் கீழே விழும். பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் நனைந்த ஆடையுடன் மடியேந்தி நிற்பர். அவ்வேளையில் மரத்தின்மேல் இருப்பவர் நேற்றுவரை தம்மோடு களையெடுத்தவர் என்ற நினைவு ஊராருக்கு இராது. சிதம்பரத்தை அடுத்த கொத்தட்டை, திருவேட்களம் போன்ற ஊர்களில் அரவானைக் கூத்தாண்டவர் என்று வணங்குகின்றனர். போருக்கு முன் தன்னைப் பலியாகத் தந்த இளைஞனின் கதை அவ்விழாக்களில் மீண்டும் நிகழ்கிறது.

ஜமா என்னும் இசை அமைப்பு

ஜமா என்பது உருதுவழித் தமிழுக்கு வந்த சொல். கூட்டம் என்று பொருள்படும். சில ஊர்களில் செட்டு என்றும் கூறுவர். நடிப்போர், இசைக்கருவி இசைப்போர், பின்பாட்டுப் பாடுவோர் எனப் பத்துக்கும் மேற்பட்டோர் ஒரு ஜமாவில் இருப்பர். அதற்குத் தலைமை தாங்குபவர் வாத்தியார். பாடம் சொல்லித் தருபவரும், யாருக்கு எந்த வேடம் என முடிவு செய்பவரும், விழா நடத்தும் ஊரிடம் தாம்பூலம் பெற்று இரவை ஒப்புக்கொள்பவரும் அவரே. வெற்றிலை பாக்குடன் முன்பணத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது. கையொப்பம் தேவையில்லை. தாம்பூலம் வாங்கிய இரவில் வாராதிருப்பது ஜமாவுக்குத் தீராப் பழி.

வருவாயைப் பங்கு முறையில் பிரித்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக உண்டு. பெரிய வேடம் ஏற்பவருக்கு முழுப்பங்கு; கற்றுக்கொள்ளும் சிறுவனுக்குக் கால்பங்கோ அரைப்பங்கோ கிடைக்கும். அணிகலன்கள் அடங்கிய பெட்டிக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்படும். இது வேடிக்கையன்று. கல்யாணமுருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் ஆகியவை ஒவ்வோர் இரவும் வியர்வையில் நனைகின்றன. ஆண்டுதோறும் அவற்றைப் புதுப்பித்தாக வேண்டும். அச்செலவைப் பெட்டியின் பங்கே ஏற்கிறது. பெருநகரச் சபாக்களின் கணக்கேட்டில் தேய்மானச் செலவு என்று குறிக்கப்படுவதைக் கூத்தர்கள் தம் வழக்கிலேயே வகுத்து வைத்திருக்கின்றனர்.

கற்பித்தல் செவிவழியே நிகழ்கிறது. சிறுவன் முதலில் திரை பிடிப்பான், தாளம் தட்டுவான். பின்பாட்டுக்காரருடன் சேர்ந்து அடிமுடிவை மட்டும் பாடிப் பழகுவான். பல இரவுகள் கேட்டபின் எல்லாப் பாத்திரங்களின் பாட்டும் அவனுக்கு மனப்பாடமாகிவிடும். இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற சென்னைப் பதிப்பகங்கள் பெரிய எழுத்தில் அச்சிட்ட கூத்து நாடக நூல்களும் உண்டு. கையால் படியெடுத்த நோட்டுப் புத்தகங்களை வாத்தியார்கள் காத்து வைத்திருப்பதும் உண்டு. ஆயினும் அச்சில் உள்ளது கூத்தின் எலும்புக்கூடே. எந்தச் சொல்லில் குரலை நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் மிருதங்கத்துக்கு வழிவிட வேண்டும் என்பன நூலில் இல்லை. வாத்தியாரின் நாவில் இருக்கின்றன.

தெரிந்து தெளிவோம்
கூத்தில் பயிலும் பாட்டுவகைகளுள் விருத்தமும் தருவும் முதன்மையானவை. விருத்தம் தாளக்கட்டின்றி நீட்டிப் பாடப்படுவது. பாத்திரத்தின் உள்ளத்தைப் புலப்படுத்துவது. தரு தாளத்துக்கு அமைந்தது, ஆடலுடன் பாடப்படுவது. பாத்திரம் திரைக்குப் பின்னிருந்து தன்னை அறிமுகப்படுத்திப் பாடுவது திரை விருத்தம், திரைத்தரு எனப்படும். பாட்டை அடுத்து வரும் உரைநடைப் பகுதி வசனம்.

இரவு விரியும் முறை

மாலையிலேயே ஜமா ஊருக்கு வந்துவிடும். உண்டபின் ஒப்பனை தொடங்கும். வேடமிடுபவர் தம் முகத்தைத் தாமே எழுதிக்கொள்வார். சிறு கண்ணாடியை ஒரு கையில் பிடித்தபடி, மஞ்சள் நிற அரிதாரமும் செந்நிறமும் வெள்ளையும் மையும் கொண்டு மணிக்கணக்கில் வரைவார். துரியோதனனுக்குப் பெரும்பாலும் சிவப்பு, கண்ணனுக்குப் பச்சை. பாத்திரம் வாய் திறக்கும் முன்னரே அதன் இயல்பை நிறம் அறிவித்துவிடும்.

இரவு பத்து மணியளவில் களரி கட்டுவர். மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், தாளம் ஆகியவற்றைப் பாட்டின்றிச் சேர்ந்து முழக்குவதே களரி கட்டுதல். முகவீணை நாகசுரத்தைப்போன்ற சிறிய துளைக்கருவி, கூரிய ஒலியுடையது. அவ்வொலி அடுத்த ஊர்வரை கேட்கும். கூத்துக்கு அதுவே அழைப்பு. உணவை முடித்துப் பாயும் போர்வையுமாகக் குடும்பங்கள் வந்து அமரும். பிள்ளையார் பாட்டுக்குப்பின் கட்டியக்காரன் தோன்றுவான். அவன் அரசனுக்குக் காவலன், அவைக்கு விதூடகன், ஊருக்கு விமரிசகன். பாண்டவர் காலத்து அத்தினாபுரத்தில் நின்றுகொண்டு, அவ்வூர்க் குளம் தூர்ந்து கிடப்பதைப் பற்றி அவனால் பேச முடியும். ஊரார் சிரிப்பர், குறிப்பு யாரைச் சுட்டியதோ அவரும் சிரித்தாக வேண்டும்.

அதன்பின் இருவர் திரை பிடிக்க, தலைமை வேடம் திரைக்குப் பின்னிருந்து பாடும். முதலில் தெரிவது கிரீடத்தின் உச்சி; அடுத்துத் திரையின் ஓரத்தைப் பற்றிய விரல்கள். திரை விலகியதும் சுழன்றாடியபடி களரியை வலம் வருவார் வேடக்காரர். ஒரு பாத்திரத்தின் வருகைக்கே அரைமணி நேரம் ஆகலாம். அவசரமாகப் பார்க்கும் கண்ணுக்கு இது நீட்டலாகத் தோன்றும். ஆனால் கூத்தின் இசை இந்த நீட்சியில்தான் ஊன்றி நிற்கிறது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் திறந்தவெளியின் கடைசி வரிசைக்கும் எட்டுமாறு மேல்சுருதியில் பாடப் பழகிய குரல் அது. அந்தக் குரல் காற்றோடு பழகவும், கேட்போர் அதனுள் அமையவும் பொழுது வேண்டும். முன்னிரவில் சலசலத்த கூட்டம் நள்ளிரவுக்குப்பின் அடங்கிவிடும். சிறுவர்கள் உறங்கியிருப்பர். வாத்தியார்கள் தம் நல்ல பாட்டுகளை அந்நேரத்துக்கென்றே வைத்திருப்பர்.

பொன்னுருவியின் கேள்வி

அந்நேரத்துப் பாட்டுக்குச் சான்றாகக் கர்ண மோட்சம் என்னும் கூத்தைக் கொள்ளலாம். பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் கர்ணன், தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். வியாச பாரதத்திலும் வில்லி பாரதத்திலும் காணக் கிடைக்காத இப்பெண்ணை நாட்டார் மரபு படைத்தளித்திருக்கிறது. அவள் கலிங்க நாட்டு இளவரசி. கணவன் தேரோட்டியின் வீட்டில் வளர்ந்தவன் என்பதால் அவனை மதியாதவள். அருகில் வரவும் ஒவ்வாதவள். உன் குலம் என்ன என்பதே அவள் கேள்வி. கொடையில் நிகரற்ற வள்ளல், துரியோதனன் அவையில் சரியாசனம் பெற்றவன், தன் வீட்டு வாயிலில் அக்கேள்விக்கு விடை சொல்ல இயலாமல் நிற்கிறான்.

இக்காட்சியைக் கூத்தர்கள் விரைந்து கடப்பதில்லை. அவள் ஒரு தரு பாடுவாள். அவன் ஒரு விருத்தத்தால் விடை சொல்வான். மீண்டும் அவள் வேறோர் இசையில் தொடுப்பாள். கட்டியக்காரன் இடையில் புகுந்து இருவரையும் சீண்டுவான். சிரிப்பும் வலியும் மாறிமாறி வரும். இறுதியில் கர்ணன் தான் குந்தியின் மகன் என்னும் உண்மையை வெளியிடுகிறான். பொன்னுருவி உடைந்து போகிறாள். இதுகாறும் இழந்த வாழ்வை மீட்க அவளுக்குக் காலம் இல்லை. போர்ப்பறை ஒலித்துவிட்டது.

இந்தக் கேள்வி களரியில் எழும்போது அதைக் கேட்டுக்கொண்டிருப்போர் யார் என்பதை நினைக்க வேண்டும். பிறப்பைக் காரணமாக்கி ஏதேனும் ஒரு வாயிலில் நிறுத்தப்பட்டவர்கள் அக்கூட்டத்தில் உண்டு, நிறுத்தியவர்களும் உண்டு. கர்ணனாக நிற்பவரே பகலில் கூத்தாடி என்று அழைக்கப்படுபவர். ஆகவே அவர் பாடும் விருத்தம் நடிப்பாக மட்டும் இருப்பதில்லை. மேடைப் பேச்சால் சொல்லவியலாத ஒன்றை, ஊரின் நடுவில், ஊராரையே கூட்டி வைத்துக்கொண்டு இக்கலை சொல்லிவிடுகிறது. பின்னர்க் களத்தில் வீழ்ந்த மகனைக் குந்தி மடியில் கிடத்தி முகாரியில் அழும்போது கீழ்வானம் வெளுத்திருக்கும். அவ்வழுகை ஊர்ப் பெண்கள் இழவு வீட்டில் பாடும் ஒப்பாரியைத் தழுவியது. பெண்கள் உடன் அழுவது இயல்பு.

சுருங்கும் இரவு

இவ்வாறு ஓர் இரவு முழுவதையும் தன் வடிவமாகக் கொண்ட கலைக்கு இன்று இரவு கிடைப்பது அரிதாகிவருகிறது. தொலைக்காட்சி வந்தபின் கூட்டம் குறைந்தது என்பர். அது ஒரு பகுதி உண்மையே. திரைப்படப் பாடலுக்கு ஆடும் ஆடல்பாடல் நிகழ்ச்சிகளுக்கு விழாக் குழுவினர் பணத்தை ஒதுக்கத் தொடங்கியது மற்றொரு காரணம். 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள், திறந்தவெளியில் இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணிவரை தளர்வு அளிக்கலாம். நோயாளிகளையும் படிக்கும் மாணவர்களையும் எண்ணிப் பார்த்தால் இவ்விதியைக் குறைகூற இயலாது. கூத்துக்கு ஒலிபெருக்கி பிற்காலத்தில் வந்து சேர்ந்த ஒன்று என்பதும் உண்மை. ஆனால் சுற்றிலும் இரைச்சல் பெருகிய ஊரில், ஒலிவாங்கிக்குப் பழகிவிட்ட தலைமுறை அதை விட்டுவிடுவது எளிதன்று. 2020ஆம் ஆண்டு பொதுமுடக்கம் பங்குனியில், சரியாகக் கூத்துப் பருவம் தொடங்கும் வேளையில் வந்தது. தாம்பூலம் வாங்கிய இரவுகள் வெற்றிரவுகளாயின. ஜமாவுக்கு அடுத்த பருவம் வரும்வரை வேறு வருவாய் இல்லை.

இந்நெருக்கடி தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. கர்நாடகக் கடற்கரைப் பகுதியின் யட்சகானக் குழுக்கள் மேளம் எனப்படும். விடியும்வரை ஆடிவந்த அவற்றுள் பல இப்போது நள்ளிரவை ஒட்டியே ஆட்டத்தை முடித்துக்கொள்கின்றன. ஈழத்தில் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மட்டக்களப்பு மரபுக் கூத்துகளை மேடைக்கேற்பச் சுருக்கி அமைத்தார். கர்ணன் போர், இராவணேசன் ஆகியவை அவ்வாறு உருவானவை. கூத்தைக் கிராமத்தாரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியிருந்த படித்தோர் அதைக் கலையென ஏற்க அம்முயற்சி வழிசெய்தது. தமிழகத்தில் நாடக ஆசிரியர் ந. முத்துசாமி, புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைக் கண்டு வியந்தார். அவர் 1977ஆம் ஆண்டு தொடங்கிய கூத்துப்பட்டறை, நவீன நாடகத்துக்குத் தெருக்கூத்தின் உடல்மொழியையும் குரல்வளத்தையும் கொண்டுசென்றது.

ஆகவே சுருக்குவதெல்லாம் சிதைவு என்று சொல்லிவிட முடியாது. எனினும் எதைச் சுருக்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். இரண்டு மணி நேர மேடைக்குக் கூத்தைக் குறைக்கும்போது சண்டைக் காட்சியும் சுழன்றாடலும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. அவை கண்ணைக் கவர்பவை. குறைபடுவன விருத்தங்கள். பொன்னுருவியும் கர்ணனும் மாறிமாறிப் பாடும் பாட்டுகள் இரண்டாகவோ மூன்றாகவோ சுருங்கும். கட்டியக்காரனின் ஊர்க்குறிப்புகள் நகர மேடையில் பொருளற்றுப் போகும். பாடப்படாத பாட்டைத் திரை பிடிக்கும் சிறுவன் கேட்பதில்லை. கேட்காததை அவன் நாளை பாடப் போவதும் இல்லை.

பெயரும் பெண்களும்

தம் கலையை எப்பெயரால் அழைப்பது என்பதிலும் கலைஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தெரு என்னும் சொல் இக்கலையைத் தாழ்த்துகிறது என்று கருதிய வடபகுதிக் கலைஞர் சிலர், மரக்கட்டை அணிகலன்களை முன்னிறுத்திக் கட்டைக்கூத்து என்று பெயரிட்டனர். பெ. இராஜகோபால் உள்ளிட்ட கலைஞர்கள் ஒன்றிணைந்து 1990ஆம் ஆண்டு காஞ்சிபுரம் பகுதியில் கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தனர். நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் ஹன்னா டி புரூயின் அதற்குத் துணைநின்றார். தெருக்கூத்து என்னும் பெயரையே பெருமையுடன் வைத்துக்கொள்வோரும் பலர். தெரு என்பது எல்லாரும் வந்து அமரக்கூடிய இடம் என்பது அவர்கள் கருத்து. இரு தரப்பாரும் வேண்டுவது ஒன்றே: இகழ்ச்சியற்ற ஒரு பெயர்.

மரபான ஜமாக்கள் முற்றிலும் ஆடவராலானவை. திரௌபதியாகவும் பொன்னுருவியாகவும் ஆண்களே வேடமேற்றனர். மீசையை மழித்து, குரலைத் திருத்தி, பெண்வேடத்தில் வாழ்நாள் முழுவதும் பெயர்பெற்றவர்கள் உண்டு. கட்டைக்கூத்துச் சங்கம் 2002ஆம் ஆண்டு தொடங்கிய குருகுலத்தில், பள்ளிப் பாடத்துடன் கூத்தும் கற்பிக்கப்பட்டது. அங்குச் சிறுவர்களுடன் சிறுமியரும் சேர்ந்து பயின்றனர். கனத்த கிரீடமும் புஜக்கட்டையும் பூண்டு ஆண் வேடங்களையும் அவர்கள் ஆடினர். மேல்சுருதியில் இரவு முழுவதும் பாடப் பெண்குரலால் இயலுமா என்ற ஐயம் அதனால் நீங்கியது. நீங்காதது வேறொன்று. கூத்தென்றால் ஊர்விட்டு ஊர் இரவுப் பயணம். ஆடவர் நிறைந்த வண்டி. விடிந்தபின் வீடு திரும்புதல். பயிற்சி பெற்ற பெண்ணுக்கும் திருமணப் பேச்சு வந்ததும் முதலில் எழுவது இப்பயணத்தைப் பற்றிய கேள்வியே.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக் களரிகளில் இன்றும் பெரும்பாலும் ஆடவரே ஆடுகின்றனர். விழாவின் நிறைவில், பகல் வெளிச்சத்தில் படுகளம் நிகழும். தரையில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தைச் சுற்றிப் போர் முடிந்து, திரௌபதி கூந்தல் முடிப்பாள். அன்று மாலை தீமிதி. கூத்தர்கள் அதுவரை காத்திருப்பதும் உண்டு. அடுத்த ஊரில் தாம்பூலம் வாங்கியிருந்தால் தேங்காய் எண்ணெயால் அரிதாரத்தைத் துடைத்துவிட்டுப் பெட்டியை வண்டியில் ஏற்றுவதும் உண்டு.